பத்தாவது ரன்

“உங்ககிட்ட ஒன்னு கேக்கணும்.”

“முதல்ல பத்து ரன் அடிச்சிட்டு வாங்க. அப்புறம் கேக்கலாம்.”

ஐந்து வருடங்களுக்கு முன்பு மைதானத்துக் கூடார நிழலில் நடந்த பேச்சு அவ்வளவுதான். கேட்க வந்தவன் மரியான். வேகப்பந்து வீசுவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. மட்டையைப் பிடித்தால் முட்டைதான். அன்றும் முட்டை போட்டுவிட்டு, காலில் கட்டிய பேடைக்கூட அவிழ்க்காமல் வந்து நின்றான். பதில் சொன்னவள் ஸ்கோர் எழுதும் ஹில்டா. அவன் என்ன கேட்கப்போகிறான் என்று தெரிந்துவிட்ட சந்தோஷத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

மரியான் சிரிக்கவில்லை. “சரி” என்று தலையாட்டிவிட்டுப் போனான். அடுத்த ஆட்டத்தில் ஏழு ரன்னில் அவுட்டாகி, கூடாரத்தின் பக்கமே திரும்பாமல் அவன் நடந்து போனபோதுதான், தான் சொன்ன வேடிக்கையை அவன் அப்படியே வாங்கிக்கொண்டு போய்விட்டான் என்பது ஹில்டாவுக்குப் புரிந்தது. ஆள் அப்படி. துறைமுகத்தில் சரக்கை எண்ணிக் கணக்கெழுதும் டாலி கிளார்க் வேலை. கப்பலில் இருந்து இறங்கும் மூட்டையில் ஒன்று குறைந்தாலும் கையெழுத்துப் போடமாட்டான்.

‘அதை விட்டுருங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு சீசனிலும் சொல்லத்தான் நினைத்தாள். சும்மா கிடந்த மனிதனுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவளே வலியப் போய் அதை அழிப்பது எப்படி? வெட்கம் வாயை அடைத்தது.

ஸ்கோர் புத்தகங்கள் எல்லாம் அவள் வீட்டு அலமாரியில்தான் இருந்தன. அப்பா பவுல் பர்னாந்து, மரியான் ஆடும் கடலோர லெவன் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர், இன்றும் செயலாளர். நாற்பத்தொன்பதில் ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன இரண்டு மட்டைகள், தோணிப் பாயைத் தைத்து விரித்த பிட்ச், அவ்வளவுதான் முதலீடு. முதல் புத்தகத்தில் சூசை என்ற பெயர் அடிக்கடி வரும். முத்துக்குளிக்கிறவர். பந்து உயரப் போனால் மூச்சைப் பிடித்துக்கொள்வாராம். கைக்கு வந்து சேரும்வரை விடமாட்டாராம். “அந்த மனுசன் ஒரு கேட்ச் விட்டது கிடையாது, அது எவ்வளவு நேரம் மேல நின்னாலும்” என்பார் அப்பா. ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த அண்ணன் கப்பல் வேலைக்குப் போனதும் பென்சில் ஹில்டாவின் கைக்கு வந்தது. கான்வென்ட் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். வரிசை தப்பாமல் எழுதுவாள்.

அந்தக் குழு இருபத்தேழு வருடங்களாக மாவட்டக் கோப்பையை ஒருமுறைகூட வாங்கவில்லை. எழுபத்தாறில்தான் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரணி மணப்பாடு.

ஆட்டம் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது அப்பா சொன்னார். “ஏளா, நாளக்கழிச்சு வீரபாண்டியன்பட்டணத்துல இருந்து ஒன்னப் பாக்க வாராவ. நல்ல குடும்பம். ஸ்கோர் புக்க மூடி வச்சிட்டு ரெடியா இரு.”

ஹில்டா மீன் முள்ளை எடுத்துக்கொண்டே இருந்தாள். முள் எப்போதோ தீர்ந்திருந்தது.

சனிக்கிழமை விடிந்ததுமே ஆட்டம் தொடங்கியது. மணப்பாடு நூற்றுப்பதினெட்டில் சுருண்டது. மரியானுக்கு ஆறு விக்கெட். பிறகு கடலோர லெவனும் ஒன்பது விக்கெட்டை இழந்து நூற்றாறில் நின்றது. வெற்றிக்கு இன்னும் பதின்மூன்று. எதிர்முனையில் கேப்டன் விக்டர். கடைசி ஆளாக மரியான் மட்டையோடு இறங்கினான்.

“ஏலே, கண்ணைத் தொறந்துட்டு அடி” என்றான் விக்டர்.

“தொறந்துதான் இருக்கு.”

“பொறவு ஏன் பந்து தெரியமாட்டேங்குது?”

முதல் பந்து மட்டையின் விளிம்பில் பட்டு ஸ்லிப்புக்கு மேலே பறந்தது. நான்கு. இரண்டு ஓவர் கழித்து இன்னொரு நான்கு. இது மட்டையின் நடுவில் பட்டது. பிறகு ஒன்று. விக்டரும் ஒன்று. ஹில்டா எழுதினாள்: மரியான், ஒன்பது. வெற்றிக்கு மூன்று வேண்டும். அவளுக்கு ஒன்று போதும்.

அவன் மறுபடி மட்டையோடு நின்றான். பந்தை லேசாகத் தட்டிவிட்டு ஓடினான். அதேநேரம் மாதா கோயில் மணி அடித்தது.

மத்தியானம் பன்னிரண்டு. திரிகால ஜெபம். மணி அடித்தால் எங்கே நிற்கிறார்களோ அங்கேயே நின்று ஜெபம் சொல்வது கடலோர லெவனின் முதல் நாளில் இருந்தே வழக்கம். பன்னிரண்டு நெருங்கினால் ஓவரை நிறுத்திவைப்பார்கள். அன்று யாருமே கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மரியானும் விக்டரும் பிட்சின் நடுவில் தோளோடு தோளாக நின்றுவிட்டார்கள். மணப்பாட்டுக்காரர்களும் அதே ஜெபத்தில் வளர்ந்தவர்கள்தானே? பந்து மணலில் கிடந்தது. அதற்கு இரண்டடி தள்ளி நின்ற பையன்கூடக் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டான்.

ஹில்டா எழுந்து நின்றாள். உதடு ஜெபம் சொன்னது, கண் மூடவில்லை.

ஜெபம் முடிந்து சிலுவை போட்டதும் எல்லோரும் ஒரேநேரத்தில் ஓடினார்கள். ஸ்டம்ப் பறந்தது. ஒரே கூச்சல். அம்பயர் தேவபிரசாதம் நாசரேத்துப் பள்ளிக்கூட வாத்தியார். புராட்டஸ்டண்ட் சபைக்காரர் என்பதால் அவருக்கு இந்த மணி கிடையாது. தொப்பியை மட்டும் கழற்றி மரியாதையாக நின்றிருந்தார். இப்போது அதை மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் விரித்தார்.

“டெட் பால். ஒரு அணி மட்டும் நின்னா அது வேற. எல்லாருமே ஆட்டத்த விட்டுட்டிய. மைதானத்துல கண்ணத் தொறந்து இருந்தது நான் ஒருத்தன்தான். ரெண்டு பேரும் தாண்டல. ரன்னு கிடையாது, அவுட்டும் கிடையாது.”

“சார், பாதி ஓடியாச்சே” என்றான் விக்டர்.

“மிச்சப் பாதிய உங்க சாமியார்ட்ட போய்க் கேளும்.”

ஹில்டா குனிந்து பார்த்தாள். ஓடி முடிக்கும் முன்பே மரியான் பெயருக்கு நேரே ஒன்று என்று எழுதியிருந்தாள். எந்த ஆட்டத்திலும் செய்யாத தப்பு. ரப்பரால் அழித்தாள்.

அடுத்த பந்து காலுக்கு நேரே வந்தது. மரியான் மட்டையை வீசினான். ‘டொக்’ என்று ஒரு சத்தம். பந்து பின்பக்கமாக ஓடி எல்லைக் கயிற்றைத் தாண்டியது. நான்கு. கோப்பை கடலோர லெவனுக்கு. கூடாரத்தில் இருந்தவர்கள் துண்டை வீசிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். பவுல் பர்னாந்து செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

தேவபிரசாதம் மட்டும் அசையவில்லை. கடல்காற்றில் அவருக்குச் சத்தம் பிடிபடவில்லை.

“ஏய் மரியான், மட்டையில பட்டுச்சா, கால்லயா?”

மரியான் கூடாரத்தைப் பார்த்தான். ஐந்து வருடத்தில் முதல்முறையாகப் பார்த்தான். ஹில்டா பென்சிலைப் பிடித்தபடி நின்றாள்.

“கால்ல சார்.”

அம்பயர் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். லெக் பை. நான்கும் அணிக்குத்தான், மரியான் கணக்கில் சேராது. ஹில்டா எழுதினாள். மரியான், நாட் அவுட், ஒன்பது.

“அட மடையா” என்றார் பவுல் பர்னாந்து, அவன் தோளைக் கட்டிக்கொண்டு. “ஜெயிச்சாச்சு. மட்டையில பட்டுச்சின்னு சொன்னா யாருக்கு என்ன நட்டம்?”

“படலையே மாமா.”

விக்டரை நான்கு பேர் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். மரியான் அந்தக் கூட்டத்தில் இருந்து விலகி, பேடை அவிழ்க்காமலே கூடாரத்தின் முன்னால் வந்து நின்றான்.

“ஒம்பது” என்றான்.

“தெரியும். நான்தான எழுதுனேன்.”

“அடுத்த சீசன்ல…”

ஹில்டா புத்தகத்தை மூடினாள். அப்பா நான்கடி தள்ளித்தான் நின்றார். கேட்கட்டும் என்று நினைத்தாள்.

“அந்தப் பத்து ரன்ன விட்டுருங்க. நான் சும்மா சொன்னது. இன்னைக்குச் சாயந்திரமே ஒங்க அம்மாவக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வாங்க. வந்து, என்னையக் கேளுங்க.”