ஏரி நீலத் திரை

ரயில் வந்தால் சுவரில் வெளிச்சம் ஓடும். கட்டம், கட்டம், கட்டம். பீரோ மேல், காலண்டர் மேல், கொடியில் கிடக்கும் துண்டு மேல்.

ரயில் போனால் சுவர் மறுபடி வெறும் சுவர்.

சுகந்தி அந்த வெளிச்சத்தை வீட்டுக்குள் விடமாட்டாள். மழையோ வெயிலோ, திரை மூடியே கிடக்கும். அந்த ஜன்னலுக்கு எப்போதும் அமாவாசைதான்.

புது அபார்ட்மெண்ட். தண்டவாள மேட்டுக்கும் அவளுடைய முதல் மாடி வீட்டுக்கும் நடுவே ஒரு காம்பவுண்டுச் சுவர், ஒரு முருங்கை மரம். அவ்வளவுதான் இடம். கிழக்குப் பக்க வீடுகளுக்கு ஏரி தெரியும். முதலில் அதைத்தான் கேட்டாள். விலை எட்டவில்லை. மேற்குதான் கிடைத்தது.

ஆனால் வாய் முந்திவிட்டதே. தாம்பரம் ரயிலில், பெண்கள் பெட்டியில், வருஷக்கணக்காக ஒன்றாகப் போய்வரும் மெர்சியிடமும் பர்வீனிடமும் சொல்லியாகிவிட்டது. ஜன்னலைத் திறந்தால் ஏரி. கொக்கு வரும். சொன்னதை எப்படித் திரும்ப வாங்குவது? வாங்கவில்லை. நாளுக்கு நாள் கொக்குதான் கூடிக்கொண்டு போனது.

கிரகப்பிரவேசத்துக்கு அவர்களைக் கூப்பிடவில்லை. வீட்டோடு பால் காய்ச்சி முடித்துவிட்டோம் என்றாள். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. துணி எடுத்து, மெர்சி தன் கையாலேயே தைத்து, ஒரு திரையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார்கள். ஏரி நீலம். கீழே ஆரஞ்சுப் பட்டை.

"ஏரிக் காத்துல ஆடட்டும்க்கா," என்றாள் பர்வீன்.

கெட்டித் துணி. அதையே ரயில் பக்க ஜன்னலில் மாட்டினாள் சுகந்தி.

சாயங்கால ரயில், அவள் இறங்கும் ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னால், சரியாக அவள் வீட்டுக்கு எதிரே, சிக்னலுக்கு நிற்கும். பாழாய்ப்போன சிக்னல். "இந்தப் பக்கம் வாங்கக்கா, காத்து வருது," என்று பர்வீன் எதிர் வாசலுக்கு இழுப்பாள். மெர்சி சுண்டல் டப்பாவைத் திறப்பாள். நல்லவேளை, என்று நினைத்துக்கொள்வாள் சுகந்தி.

தினமும் நல்லவேளை.

ஐப்பசி மழையில் ஒருநாள் காய்ச்சல். லீவு. சாயங்காலம் விளக்குப் போடாமல் படுத்திருந்தாள். ரயில் வந்து நின்றது. என்னவோ தோன்றியது. எழுந்துபோய்த் திரையை ஒரு விரல் அளவு விலக்கினாள்.

எதிரே பெண்கள் பெட்டி. மழைக்கு ஒதுங்கி எல்லோரும் இந்தப் பக்கமாகவே நெருக்கிக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேர் மட்டும் எதிர் வாசலில், முதுகைக் காட்டிக்கொண்டு. மெர்சியின் முதுகு. பர்வீனின் முதுகு. சாரலில் நனைந்துகொண்டே நின்றார்கள். அங்கே பார்ப்பதற்கு ஒரு மதிலைத் தவிர ஒன்றும் இல்லை.

அவள் கையில் திரை. ஏரி நீலம். ஆரஞ்சுப் பட்டை. மெர்சியின் தையல்.

அடிப் பாவி, என்று தன்னையே சொல்லிக்கொண்டாள். ரயிலிலிருந்து தன் ஜன்னலை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. அவர்கள் பார்த்திருக்கிறார்கள். மாட்டிய மறுநாளே தெரிந்திருக்கும். தெரிந்தும் கொக்கு வந்ததா என்று கேட்டார்கள். தெரிந்தும் காத்து வருது என்றார்கள். அவள் வராத நாளில்கூடத் திரும்பி நிற்கிறார்கள்.

காய்ச்சலைவிட அதுதான் சுட்டது. உடம்பெல்லாம் கூசிப்போனது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

காய்ச்சல் விட்டது. வேலைக்குக் கிளம்பும்போது திரையைச் சுருட்டிக் கட்டிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் ரயில் நின்றது. இந்தப் பக்கம் வாங்கக்கா, என்றாள் பர்வீன். சுகந்தி நகரவில்லை.

"அதோ, அந்த முதல் மாடி. அதுதான் எங்க வீடு." கையை நீட்டிக் காட்டினாள். "ஏரி அந்தப் பக்கம்."

மெர்சி இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பவள் மாதிரி குனிந்து பார்த்தாள்.

"திரை நல்லா இருக்கேக்கா," என்றாள். "யாரு தைச்சது?"

சுகந்தியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஜன்னலையே பார்த்தாள். பர்வீன் கொஞ்சம் சுண்டலை அவள் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

சிக்னல் விழுந்தது. அங்கே, இருட்டிக் கிடந்த அவள் வீட்டுக்குள், சுவரில் வெளிச்சம் ஓடியது. கட்டம், கட்டம், கட்டம். அதில் ஏதோ ஒன்றில் அவர்கள் மூன்று பேரும் இருந்தார்கள்.