அண்ணியின் இடது கண்

ஒத்திகைத் திரையிடலில் அண்ணியின் படம் திரை முழுக்க வந்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது. எங்கள் கல்லூரிக் குறும்படத்தின் கதையில் காணாமல் போன அக்காவின் போட்டோ அது. சுவரில் மாட்டிய அதைப் பார்த்துத்தான் கதாநாயகன் அழுகிறான். அழட்டும். யாரைப் பார்த்து அழுகிறான்? அண்ணியின் இடது கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் இருக்கும் வெள்ளைத் திட்டுகளைக் காணோம். முகம் புதிதாகப் பூசிய சுவர் மாதிரி இருந்தது.

பதினாறு வயதிலிருந்து அண்ணிக்கு அந்தத் திட்டுகள் உண்டு. கல்யாண ஆல்பத்தில் ஸ்டுடியோக்காரன் யாரையும் கேட்காமல் அவற்றை அழித்துவிட்டான். வந்தவர்கள் எல்லாம் அதைப் புரட்டிவிட்டு, "அடடா, எவ்வளவு லட்சணம்!" என்று வாயாரச் சொன்னார்கள். அண்ணி ஆல்பத்தைப் பீரோ மேல் ஏற்றிவிட்டார். அதன் பிறகு எட்டு வருடமாக, வீட்டில் யார் கேமராவைத் தூக்கினாலும் அவருக்கு அடுக்களையில் அவசர வேலை வந்துவிடும்.

எங்கள் கல்லூரிப் படத்துக்கு வேண்டிய போட்டோக்கள் என் பொறுப்பு. உடை, ஒப்பனை, எடுப்பது, திருத்துவது எல்லாம் நான்தான். அண்ணியைச் சம்மதிக்க வைக்க ஒரு வாரம் பின்னாலேயே சுற்றினேன்.

"என் மூஞ்சிய என் மூஞ்சியாவே விடுவியா?" என்று கேட்டார்.

"சத்தியமா அண்ணி. ஒரு புள்ளியக்கூடத் தொட மாட்டேன்."

கத்தரிப்பூ நிறத்தில் உடை கொடுத்து, கூந்தலைத் தூக்கிக் கட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்தேன். டைரக்டர், அதாவது என் வகுப்புப் பையன், கேமராவில் எட்டிப் பார்த்துவிட்டு என் காதில், "அந்த வெள்ளை ரொம்பத் தெரியுது. லேசா பவுடர் போடேன்" என்றான்.

"உன் மூளைக்குப் போடு" என்று உரக்கவே சொன்னேன். அண்ணி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைத்தான் எடுத்தேன்.

இப்போது ஒத்திகைத் திரையிடல் முடிந்து விளக்கைப் போட்டதும் நேராக டைரக்டர் முன்னால் போய் நின்றேன். "எங்க அண்ணி மூஞ்சில எவன் கை வச்சான்? நீதானே?"

"ஏய், நான் எதுக்கு கை வைக்கிறேன்? நீ அனுப்புனத அப்படியே பிரிண்ட் போட்டோம்."

"பொய் சொல்லாத!"

மடிக்கணினியை என் பக்கம் திருப்பினான். என் பெயர், நான் அனுப்பிய தேதி, என் கோப்பு. திட்டுகள் இல்லை.

மொத்தம் நாற்பது படங்கள். முதலில் திருத்தியது கதாநாயகனின் படம். அவன் முகமெல்லாம் பரு. தோலின் நிறத்தை ஒரே சீராக்கும் அளவுகளை அதில் வைத்தேன். நேரமில்லை என்று அதே அளவுகளை மற்ற முப்பத்தொன்பதுக்கும் ஒரே அழுத்தில் ஒட்டினேன். கணினிக்குப் பருவும் தெரியாது, அண்ணியும் தெரியாது. எனக்குத் தெரியுமே! அண்ணியின் படத்தைத் தனியாகத் திறந்து, காதோரம் நீட்டிக்கொண்டிருந்த ஒற்றை முடியைக்கூட அழித்தேனே! அப்போது முகத்தைப் பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது என்றுதான் தோன்றியது. அதை நினைக்க நினைக்க எனக்கு என் மேலேயே ஆத்திரம் பொங்கியது.

"போட்டோவ மாத்தணும். அந்த சீனைத் திரும்ப எடுக்கணும்" என்றேன்.

"செட்டைப் பிரிச்சாச்சு. நாளைக்குத் திரையிடல். விடேன், நல்லாத்தானே இருக்கு?"

அவனை ஓங்கி அறையலாம் போலிருந்தது. அதையேதான் நானும் நினைத்தேன் என்பதால் கை எழவில்லை.

நாளை அண்ணி முதல் வரிசையில் உட்காருவார். எப்படியாவது முன்னாலேயே சொல்லிவிட வேண்டும் என்று கைபேசியை எடுத்தேன். அந்தப் படத்தைத் திருத்திய அன்றே பெருமையாக அவருக்கு அனுப்பியிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"எப்படி இருக்கு அண்ணி?" என்று கேட்டிருந்தேன்.

"நல்லா இருக்கு. யாரு இது?" என்று பதில் போட்டிருந்தார்.

கிண்டல் செய்கிறார் என்று நினைத்து, விழுந்து விழுந்து சிரிக்கும் முகங்கள் மூன்றை அனுப்பியிருந்தேன்.