வடக்கு பார்த்து நடந்த ஜிம்

2006ஆம் ஆண்டு ஆவணி மாதம் கமர் நிஷாவின் ஜிம் வடக்கே நாற்பது அடி நடந்துபோனது. அதே வாரம் கும்மிடிப்பூண்டிச் சந்தையில் தக்காளி விலை இறங்கியிருந்ததால் ஊர் இரண்டையும் ஒரே மூச்சில் பேசி முடித்தது. தகரக் கூரை, சுவர்க் கண்ணாடி, இரும்புக் குண்டுகள் எல்லாம் மொத்தமாக நகர்ந்திருந்தன. மேசைமேல் இருந்த டீ கூடத் தளும்பவில்லை. உள்ளே ஆறு ட்ரெட்மில்கள், மின்சாரம் வேண்டாத, காலால் உருட்டுகிற ரகம். இடத்துக்காரர் முனுசாமி, நெல் வயலை மேடாக்கி ஷெட் போட்டவர், குபேரன் திசை வடக்கு என்று அடம்பிடித்ததால் ஆறும் வடக்கு பார்த்தே நின்றன. கமர் நிஷாவுக்குக் குபேரனோடு பழக்கமில்லை, முன்பணத்தைக் குறைக்கிறேன் என்றாரே என்று ஒத்துக்கொண்டாள். அந்த எந்திரங்களில் ஏறியவர்கள் எங்கும் போகாமல் நடந்த நடையெல்லாம் எங்காவது போய்ச் சேர வேண்டும் அல்லவா? கட்டடத்தின் கணக்கில் சேர்ந்தது.

அதற்கு முன் ஜிம் அசையாமல் நின்ற மாதங்களும் உண்டு. தொடங்கும்போது கமர் நிஷா சென்னையின் பெரிய ஜிம்களைப் பார்த்து வருடச் சந்தா வைத்திருந்தாள். சந்தா கட்டியவன் வரமாட்டான், வராதவனால் எந்திரம் தேயாது, அதுதான் அந்தத் தொழிலின் சூட்சுமம் என்று அங்கே ஒருவர் காதோடு சொல்லியிருந்தார். சிப்காட் தொழிற்பேட்டை ஆட்கள் திறப்பு விழாவில் முண்டியடித்துக் கட்டினார்கள், கேசரி சாப்பிட்டார்கள், போனவர்கள் போனவர்கள்தான். புதிதாகக் கட்ட ஊரில் ஆளில்லை. ஜிம் ஆணி அடித்தாற்போல் நின்றது, அவள் பட்டினி கிடந்தாள்.

அவள் அண்ணன் முஜீப் பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்பவர். வாப்பா விட்டுப்போன பங்கை இந்த ஜிம்மில் போடத் தங்கைக்குச் சம்மதித்தவர் ஒரு நிபந்தனையும் வைத்திருந்தார். பக்ரீதுக்குள் ஜிம் சொந்தக் காலில் நிற்காவிட்டால் ஷெட் அவருடைய ஐஸ் குடோன், கமர் நிஷா பேசாமல் ஊருக்குத் திரும்பி அவர் கடையில் இறால் எடை போட வேண்டும். முப்பது வயதில், தன் பெயர் எழுதிய பலகையைக் கழற்றிக்கொண்டு போய் அந்த வாடையில் உட்கார அவளுக்கு மனமில்லை.

ஆகவே மாதக் கட்டணத்துக்கு மாறினாள். ஆட்கள் வந்தார்கள், நடந்தார்கள், ஜிம்மும் நடந்தது. அஸ்திவாரத்தை விட்டு நழுவியதும் வேகம் கூடிவிட்டது. முனுசாமி தன் வரப்போரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் காவல் இருந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, அநியாயமா இருக்குது? என் எடத்துல இருந்தாத்தான வாடகை? வரப்பைத் தாண்டிப் பூட்டா நான் யார்கினே போய்க் கேக்கறது?"

"குபேரன்கிட்டயே கேளுங்க நைனா. அவரைப் பாக்கத்தான் போய்க்கினுகீது" என்றாள் அவள்.

வாய்தான் அப்படிப் பேசியது, உள்ளுக்குள் பயம். கார்த்திகையில் ஜிம் எளாவூர்ச் சோதனைச் சாவடிக்கு வந்து லாரி வரிசையில் நின்றது. அங்கிருந்த அதிகாரி வண்டியின் ஆர்.சி. புத்தகம் கேட்டார், அவள் வாடகை ரசீதைக் காட்டினாள். அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, காய்கறி லாரிகளுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நிறுத்தச் சொன்னார். அவ்வளவு தூரம் வர முடியாமல் முக்கால்வாசிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஆள் வந்தால் ஜிம் ஓடிப்போகிறது, ஜிம் நின்றால் ஆள் இல்லை என்று பொருள். முஜீப் மோட்டார் சைக்கிளில் வந்து ஐஸ் குடோனுக்காக அளவு டேப்பால் சுவரை அளந்தார்.

"இன்னும் கொஞ்சம் தள்ளுனா ஆந்திரா. அங்க போய் டப்பு கேளு" என்று சிரித்துவிட்டுப் போனார்.

பக்ரீதுக்கு முந்தைய நாள் மாலை ஆறே பேர் மிச்சம். அவர்களில் நர்மதா என்பவள் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள், பொன்னேரிக்காரி. துண்டால் முகத்தைத் துடைத்தபடி அலுத்துக்கொண்டாள். "பேஜாரா கீதுக்கா. இங்க நடந்துட்டு, அப்பால ரெண்டு பஸ் மாறி ஊட்டுக்குப் போறேன். மிஷினைத் தெக்கால திருப்புங்க. நடந்துகினே ஊடு போய்ச் சேந்துடறேன்."

கமர் நிஷா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கடப்பாரை தேடினாள். உடம்பைக் குறைக்க மட்டம் போடாத மனிதனை அவள் கண்டதில்லை. வீட்டுக்குப் போக மட்டம் போட்ட மனிதனையும் கண்டதில்லை. இந்த ஊரில் இவ்வளவு நாள் இருந்தும் இது தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள், சந்தோஷத்தில் கொஞ்சம் பலமாகவே.

ஆறு எந்திரங்களையும் தெற்கே திருப்பி ஆறு பேரும் ஏறினார்கள். ஜிம் கிளம்பியது. வளைவு வந்தால் ஒரு ஓரத்து ஆள் எட்டி நடந்தார், கட்டடம் அழகாகத் திரும்பியது. கும்மிடிப்பூண்டியில் ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஓடிவந்து தொற்றினார்கள், முறைவைத்து நடந்தார்கள், ஒருவன் விசிலடித்தான். ரயில்வே கேட்டில் ஜிம் ஒழுங்காக நின்றது, ரயில் போனதும் நகர்ந்தது. ஆரணி ஆற்றுப் பாலத்தில் காற்று ஜன்னல் வழியே புகுந்து எல்லார் வியர்வையையும் ஆற்றியது. நர்மதா தன் தெருமுனையில் குதித்து இறங்கி, "நாளைக்கு பக்ரீது, நாளன்னிக்குக் காலைல இங்கயே வந்து நில்லுங்கக்கா, வேலைக்கு லேட்டாக்கிடாதீங்க" என்றாள். கமர் நிஷாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நர்மதா இறங்கிய எந்திரத்தில் தானே ஏறி, பழவேற்காட்டு ஆட்கள் சிலரோடு கிழக்கே திரும்பி நடந்தாள்.

முஜீப் வீட்டு வாசலில் ஜிம் வந்து நின்றபோது இஷா தொழுகை முடிந்திருந்தது. அவர் அளவு டேப்போடு வெளியே வந்தார், உள்ளே நிறைந்திருந்த கூட்டத்தைப் பார்த்தார், டேப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பின்னாலேயே அவர் மனைவி ஹஸ்னா வந்து ஜிம் படியில் கால் வைத்தாள்.

"எங்க போற?"

"பொன்னேரிக்கு. பெருநாளைக்கு வளையல் வாங்கணும்னு மூணு மாசமா சொல்லிக்கினுகிறேன், நீங்க கூட்டிக்கினு போகல."

எந்திரங்களைத் திருப்ப முஜீப்தான் கைகொடுத்தார். ஹஸ்னா நடக்கத் தெரியாமல் இரண்டு தடவை சறுக்கினாள், மூன்றாவதில் பிடித்துக்கொண்டாள். கடை மூடுவதற்குள் போய்விட்டார்கள்.

அதன்பின் கட்டணம் பஸ் பாஸ் மாதிரி மாதாமாதம் வசூலானது, யாரும் பாக்கி வைக்கவில்லை. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் வடக்கே நடத்திப் போனார்கள், மாலையில் வீடு திரும்புகிறவர்கள் தெற்கே. நான்கு வருடத்தில் அந்தப் பக்கம் தொப்பை அபூர்வமாகிவிட்டது. பகலில் ஜிம் தன் இடத்தில் வந்து நிற்பதற்கு முனுசாமி வாடகை வாங்கிக்கொண்டார், குபேரனுக்கு ஒரு படமும் மாட்டினார். முஜீப் ஐஸ் குடோனை வேறிடத்தில் கட்டினார். ஜிம் நடப்பதை இப்போது யாரும் பேசுவதில்லை. பொன்னேரியில் ஐந்து நிமிஷம் தாமதமானால் மட்டும், உள்ளே எவன் மெதுவாக நடக்கிறான் என்று திட்டுகிறார்கள்.