சிங்கக்காரரின் சுத்த ரத்தம்

ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த தாளை அக்கா மூன்று முறை படித்தார். மூன்றாவது முறை படித்தது புரியாமல் அல்ல, ருசித்து.

மூன்று வாரங்களுக்கு முன் நெடுஞ்சாலை ஓரத்தில் உடம்பெல்லாம் சொறியோடு கிடந்த குட்டிநாயைத் தம் காப்பகத்துக்குத் தூக்கி வந்திருந்தார். அதன் தோலுக்கடியில் பதித்திருந்த அடையாள மைக்ரோசிப்பின் எண்ணைப் பதிவேட்டில் தேடியபோது வந்த பெயர் சிங்கக்காரருடையது. நாய்ப்பண்ணை வைத்திருக்கும் அந்த மனிதர் முன்னால் அவர் நாய்களை நாய் என்று சொல்லக்கூடாது. சிங்கம் என்றுதான் சொல்லவேண்டும்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் அந்தச் சிங்கங்களில் ஒன்றுக்குச் சொறி வந்து, அக்காவின் தம்பிதான் ஊசி போட்டார். தம்பி கால்நடை மருத்துவர். எல்லோரும் போடும் மருந்து, சரியான அளவு. மாலைக்குள் நாய் நடுங்கி, கண் தெரியாமல் சுவரில் முட்டி, செத்துப்போனது. நாய் வளர்ப்போர் சங்கக் கூட்டத்தில் சிங்கக்காரர் எழுந்து, "இவங்க குடும்பத்துக் கையில மருந்து இல்ல, விஷம்தான் இருக்கு" என்றார். தம்பி தலைகுனிந்து வெளியேறினார். மறுவாரம் வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றினார். இப்போது காப்பகத்து நாய்களை மட்டும் பார்க்கிறார். அவற்றுக்கும், கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பாமல் அந்த மருந்தைத் தொடுவதில்லை.

"என்னடா போட்டிருக்கு? உன் வாயால சொல்லு."

"அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, ரெண்டும் பழுதான மரபணு, அக்கா. அந்த மருந்தை மூளைக்குள்ள விடாம தடுக்கிற காவல் இதுக்கு இல்ல. அன்னைக்குச் செத்ததும் இதே வம்சம்தான்." என்றார் தம்பி. "இதுக்கு வேற மாத்திரை கொடுத்துடலாம், பிழைச்சுக்கும். ஆனா அவர் பண்ணை பூரா சொறியாம். நாளைக்குப் பத்து மணிக்கு அதே ஊசி போடப்போறேன்னு என்கிட்ட தொழில் படிச்ச டாக்டர் பையன் சொன்னான். ஒரு போன் பண்ணிச் சொல்லிடறேன்."

"அந்தச் சிங்கக்காரன் உன்னை போன்லயா ஏசினான்? சபையில வச்சுத்தானே?"

"நாய்ங்க என்னக்கா பாவம் பண்ணுச்சு?"

"ஒண்ணும் சாகாது. நான் நேர்ல போறேன்."

மறுநாள் ஒன்பதரைக்கே போய்விட்டார். வாங்க வந்த நாலைந்து பேர் மடியில் குட்டிகளோடு உட்கார்ந்திருக்க, சுவரில் மாட்டிய வம்சாவளிப் படத்தைச் சிங்கக்காரர் குச்சியால் காட்டிக்கொண்டிருந்தார். "அண்ணன் தங்கச்சியையே சேர்த்திருக்கேன் சார். வெளி ரத்தம் ஒரு சொட்டு கிடையாது."

அக்காவைப் பார்த்ததும் குச்சி நின்றது. "வாங்கம்மா! தம்பிக்கு வேலை கேட்டா? கூண்டு கழுவ ஆள் வேணும்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா ஓரமாகக் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பத்து மணிக்கு, தம்பியிடம் படித்த அந்த இளம் மருத்துவர் வந்தார். மருந்தை ஊசிக்குழலில் ஏற்றி, தாய்நாயின் கழுத்துத் தோலைத் தூக்கிப் பிடித்தார். தம்பியின் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் சுவரில் மிஞ்சிய நான்கு ஆணித்துளைகள் அக்காவின் கண்முன் வந்தன. ஒரு மூச்சு விடும் நேரம் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு மூச்சுக்காக அவர் பின்னாளிலும் வெட்கப்பட்டதில்லை.

"நிறுத்துப்பா. குத்தினா செத்துடும்."

தாளை வாங்கிப் படித்த இளம் மருத்துவர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். "ஐயா, இது உங்க பண்ணைக் குட்டியோட சோதனை. குட்டிக்கு ரெண்டும் பழுதுன்னா, பெத்ததுங்க ரெண்டுகிட்டயும் ஆளுக்கு ஒண்ணாவது இருக்கும். அண்ணன் தங்கச்சியைச் சேர்த்தா அது இரட்டிப்பாகத்தான் செய்யும். எல்லா நாயையும் சோதிக்காம நான் இந்த மருந்தைப் போடமாட்டேன்."

"எந்தக் குட்டிங்க அது?" என்று வாங்க வந்தவர் ஒருவர் கேட்டார்.

"சொறி வந்ததும் ரோட்டுல வீசினாரே, அது" என்றார் அக்கா.

மடியில் இருந்த குட்டிகள் ஒவ்வொன்றாகத் தரைக்கு இறங்கின.

"எங்க குடும்பத்தைப் பத்தி ஒண்ணு சொன்னீங்க. அதைத் திருப்பி எடுத்துக்குங்க."

சிங்கக்காரர் மீசைக்குள் ஏதோ முனகினார்.

"எனக்கே கேக்கல. அன்னைக்குக் கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு."

"உங்க தம்பி மேல தப்பில்ல! என் நாயோட ரத்தத்துலதான் கோளாறு! போதுமா?"

"இது ஒத்திகை. ஞாயித்துக்கிழமை சங்கத்துல மைக் பிடிச்சுச் சொல்லணும்."

"சொல்லலைன்னா?"

அக்கா எழுந்து சேலை மடிப்பைச் சரிசெய்தார். "நீங்க வித்த குட்டிங்க எந்தெந்த வீட்டுல இருக்குன்னு பதிவேட்டுல இருக்கு. சோதிச்சுப் பார்க்காம மருந்து கொடுக்காதீங்கன்னு ஒவ்வொரு வீட்டுக்கும் இன்னைக்கே எழுதிடுவேன். அதுல உங்களைப் பத்தி ஒரு வரியும் இருக்காது. அதை ரெண்டாவது கடுதாசியில எழுதிக்கறேன், ஞாயித்துக்கிழமை பார்த்துட்டு."