பங்காருப்பேட்டை சிக்னல்

"நீங்க சாப்ட்டீங்களா?" என்று டைட்டஸ் கேட்டபோது, கையிலிருந்த கரண்டியை அவன் மண்டையிலேயே போடலாம் போலிருந்தது ஜெனிட்டாவுக்கு. கல்யாணமான நாளிலிருந்து 'இன்னாடி' தவிர வேறு கேட்டறியாத காது அது. அவன் கிண்டலாகக் கேட்டிருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பாள். மரியாதையாகக் கேட்கிறான், அதுதான் கொடுமை. சமைத்துப் போட வந்த யாரோ ஒரு பொம்பளை பசியோடு நிற்கக் கூடாதே என்ற நல்ல மனசு. சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

ராபர்ட்சன்பேட்டை ரோட்டில் பைக்கோடு விழுந்தவன் பிழைத்ததே பெரிய காரியம் என்றார்கள். கால் சேர்ந்தது, கை சேர்ந்தது, சாம்பியன் ரீப்ஸில் சுரங்கக்காரர்களுக்குக் கட்டிய லைன் வீட்டுக்கு நடந்தே வந்தான். வாசலில் நின்ற பெண்டாட்டியைப் பார்த்து, ஜெனி எங்கே என்று அவளிடமே கேட்டான். பெங்களூரு டாக்டர் பொறுமையாக விளக்கினார். முகத்தை அடையாளம் காண்கிற இடம் மூளையில் ஒன்றாம். அந்த முகத்தைப் பார்த்ததும் 'நம்ம ஆளு' என்று நெஞ்சு நிறைவதற்கு இடம் வேறாம். நடுவிலிருந்த வழி அறுந்துவிட்டது. அச்சு அசல் ஜெனிட்டா என்று கண் சொல்லும், உள்ளே ஒன்றும் அசையாது. அசையாததால் இவள் வேஷக்காரி என்று மூளை தானாகவே ஒரு கதை கட்டிக்கொள்ளும். குரல் போகிற வழி தனி, அது பழுதாகவில்லை. முகம் தெரியாமல் பேசினால் போதும், நெஞ்சு நிறைந்துவிடும்.

அப்படி முகம் தெரியாமல் பேசித்தானே இத்தனை வருஷம் குடித்தனம் நடந்தது! விடிகாலை ரயிலில் பெங்களூரு கம்பெனிக்குப் போய், இருட்டியபின் திரும்புவாள். சண்டை, சமாதானம், கொஞ்சல் எல்லாம் ரயிலிலிருந்து போனில்தான். அந்த வேலையை விட்டுவிட்டுத்தான் இப்போது அவன் பக்கத்தில் கிடக்கிறாள். ஆனால் அவனுடைய ஜெனி இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். சாயங்காலமானால் ஜெனிட்டா வீட்டுக்குப் பின்னால், தகரம் அடித்த குளியலறைக்குள் போய் அவனுக்குப் போன் செய்வாள்.

"எங்கடி கீற?"

"பங்காருப்பேட்டைங்க. சிக்னல் போடல."

அதற்கு மேல் வண்டியை நகர்த்த அவளுக்குத் தைரியமில்லை. அவன் மாத்திரை போட்டுத் தூங்கும்வரை சிக்னல் விழாது, விடிந்தால் ஜெனி மறுபடி வேலைக்குப் போயிருப்பாள். கோரமண்டல், ஊரிகம் ஸ்டேஷன்களைத் தாண்டி சாம்பியன் வந்துவிட்டால் இறங்கியாக வேண்டும். இறங்கினால் இந்த முகத்தோடுதானே வீட்டுக்குள் நுழைய வேண்டும்? வந்திருக்கிற அம்மா நன்றாகத்தான் சமைக்கிறார்கள், ஆனால் உன் நைட்டியையே போட்டுக்கொண்டு திரிகிறார்கள் என்று அவன் ரகசியமாகப் புகார் சொல்வான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவனுடைய அக்கா எலைன்தான் அந்த யோசனையைச் சொன்னாள். போனைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டே அவன் எதிரில் போய் நில், குரலும் முகமும் ஒன்று சேர்ந்தால் புரிந்துகொள்வான் என்றாள். ஜெனிட்டாவுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. அன்று சாயங்காலம் பேசிக்கொண்டே குளியலறையை விட்டு வெளியே வந்து, சமையலறையைக் கடந்து, கட்டில் அருகே போய் நின்றாள்.

"நான்தாங்க. திரும்பிப் பாருங்க."

திரும்பினான். போனைக் காதிலிருந்து எடுக்காமல் அவள் உதட்டையே பார்த்தான். 'ஜெ' என்று அவன் வாய் குவிந்ததை அவள் கண்ணால் பார்த்தாள், சத்தியமாகப் பார்த்தாள். அப்புறம் அவன் கட்டிலில் பின்னுக்கு நகர்ந்தான். போனைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி, கிசுகிசுத்தான்.

"ஜெனி, கேக்குதா? உன் கொரலையும் எடுத்துகினாங்க. நீ வராத. பங்காருப்பேட்டையிலயே எறங்கிக்கோ. இங்க நான் சமாளிச்சுக்கறேன்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. தன்னைக் காப்பாற்றத்தான் தன்னை வர வேண்டாம் என்கிறான். இவனை என்னவென்று திட்டுவது? லைன் கட்டாகவில்லை. வந்த வழியே திரும்பிக் குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

"எறங்கிட்டியா?"

"எறங்கிட்டேங்க."

அவன் பெருமூச்சு விடுவது போனில் கேட்டது. உடம்பெல்லாம் தளர்ந்து அவன் தலையணையில் சாய்வது பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது.

"பனி ஜாஸ்தியா கீதுடி. ஸ்வெட்டர் போட்டுகினியா?"

ஸ்வெட்டர் அவன் கட்டிலுக்கு நேர் மேலே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஜெனிட்டா சில்லிட்ட தகரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, போட்டிருக்கிறேன் என்றாள்.