ருஸ்டியின் தோளுக்கு ஒரு தூண்டில் கோல்

1

இந்தக் கதை நானாக யோசித்ததல்ல; ஒட்டுக்கேட்டது. மலேசியக் கடற்கரை ஊரான கோலத் திரெங்கானுவில் நான் வேலை பார்க்கும் சலவைக் கடைக்கும் பூன் தெய்க்கின் தூண்டில் கடைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். பேச ஆளில்லாதவனுக்குக் காது நீண்டுவிடும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"கடல் அவரை அழைத்துக்கொண்டே இருந்த—"

அடித்துவிட்டேன். கடல் யாரையும் அழைப்பதில்லை. கூட்டாளிகள்தான் போன் போட்டு அழைப்பார்கள்.

2

படகோட்டி ருஸ்டிக்கு வலது தோளில் அறுவை நடந்திருந்தது. தசைநார் இன்னொரு முறை கிழிந்தால் கடலை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். வரும் சனிக்கிழமை, அறுவைக்குப் பிறகான முதல் பயணம். ஆழ்கடலில் ஜிக் போட அவருக்குப் புதுக் கோல் வேண்டும். (ஜிக் என்பது மீன் வடிவில் வார்த்த ஈயம். படகுக்கு நேர் கீழே அடிவரை இறக்கி, பகல் முழுக்கத் தூக்கித் தூக்கி விடவேண்டும்.)

கோல் வாங்க வருகிறவர்கள் நூலில் தண்ணீர்ப் புட்டியைக் கட்டித் தூக்கிப் பார்ப்பது அங்கே வழக்கம். ருஸ்டி தடித்த கோலை எடுத்தார். புட்டி தரையை விட்டு எழுந்தது. சிரித்தார்.

[இந்த இடத்தில் அவர் மனைவி நஃபிசாவை அழவைத்திருந்தேன். நான் கேட்ட குரலுக்கும் அழுகைக்கும் சம்பந்தமே இல்லை. எடுத்துவிட்டேன்.]

"எதுக்குச் சிரிக்கிறீங்க அபாங்?" என்றாள் நஃபிசா. கணவரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"சும்மாதான்."

"வலிச்சாத்தான் இப்படிச் சிரிப்பீங்க. ஆஸ்பத்திரியில அந்த நர்சு உங்களை ரொம்ப ஜாலியான ஆளுன்னு நெனச்சுச்சு."

கடை முதலாளி பூன் தெய்க் மெல்லிய கோல் ஒன்றை நீட்டினார்.

"என்ன தவுக்கே இது, கண் மை பென்சிலா? இதோட படகுல ஏறினா நம்ம கூட்டாளி ஜைலானி கரை வர்ற வரைக்கும் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். அவனா வந்து உங்க தோளுக்குத் தைலம் தேய்க்கப் போறான்?" என்றாள் நஃபிசா.

3

அவள் புட்டியை அவிழ்த்துவிட்டு ஈயத்தைக் கட்டச் சொன்னாள். பின்வாசல் ஆற்றைப் பார்த்தது. அங்கே உட்கார்ந்து கெரோப்போக் என்னும் மீன் அப்பளப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"புட்டி பிடிக்கவா போறீங்க? இதைத் தூக்குங்க. நான் தின்னு முடிக்கிற வரைக்கும்."

"அப்ப சீக்கிரம் தின்னு, நஃபிசா."

"பல்லு வலி. மெதுவாத்தான் திம்பேன்."

தடித்த கோலோடு பாதிப் பொட்டலம்கூடத் தாண்டவில்லை; ருஸ்டி கை மாற்றினார். சற்று ஓய்ந்து, வேண்டாவெறுப்பாக மெல்லியதை எடுத்தார். கை லேசாக அசைந்தால் போதும். வளைந்த நுனி நிமிரும்போது ஈயத்தைத் தானே மேலே துள்ளவைத்தது. பொட்டலம் தீர்ந்தது. அவள் அதை மடித்துப் பையில் வைத்தாள். அவர் இன்னும் தூக்கிக்கொண்டிருந்தார்.

* பிடிக்கப்போகும் பெரிய மீனை நினைத்துத்தான் எல்லாரும் கோல் வாங்குகிறார்கள். நானும் பெரிய முடிவுகளை நினைத்துக்கொண்டு கதை தொடங்குகிறவன். பாதியில் கை வலித்து விட்டவை பல.

4

ஒரு முடிவில் அவர் வீம்புக்குத் தடித்ததை வாங்கினார், தோள் கிழிந்த— வேண்டாம். கிழித்துப் போட்டேன்.

இன்னொன்றில் மெல்லிய கோலில் ஆள் உயர மீன் மாட்ட, ஜைலானி தலைகுனிந்தான். அது சினிமா.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மெல்லியதையே வாங்கினார், சனிக்கிழமை படகு போனது. நான் கடலுக்குப் போனதில்லை. பாலத்தில் நின்றாலே எனக்குத் தலைசுற்றும். ஆகவே இனி நீங்கள்.

ஈயம் அடியைத் தொட்டுவிட்டது. "பென்சில்ல என்ன எழுதுற, பொண்டாட்டிக்குக் கடுதாசியா?" என்கிறான் ஜைலானி. ருஸ்டி தூக்குகிறார், விடுகிறார். திடீரென்று கோல் வளைகிறது. ஜைலானி எழுந்து நிற்கிறான்.

என்ன மீன் என்று எனக்குத் தெரியாது. கோலை உங்களிடம் தருகிறேன். தூக்கி இழுக்காதீர்கள், நுனியைத் தண்ணீர்ப் பக்கம் சாய்த்து ரீலை மட்டும் சுற்றுங்கள். மெதுவாக. கை உங்களுடையது, தோள் அவருடையது.