கேட்காமல் வந்த காபி

"நிறுத்தமாட்டேன்னா நிறுத்தமாட்டேன், அவ வீட்டு வாசல்ல போய் நிக்கறதுக்கு நான் என்ன—"

"நீங்க நிறுத்தலைன்னா நான் கதவைத் திறந்துக்கிட்டு—"

"திற, திற! திறந்தா காத்து புகுந்து மூணு பேருக்கும் கழுத்துப் பிடிச்சுக்கும். அப்புறம் துச்செப்பியில பத்து நாளும் தைலம் தேய்ச்சுக்கிட்டு—"

"நான் குதிக்கப்போறேங்கறேன், உங்களுக்குக் கழுத்துதான் கவலை!"

பின்சீட்டில் எங்கள் மகள் அல்தினா காதிலிருந்த ஒயரைக் கழற்றினாள்.

"அப்பா, வெளியே முப்பத்தேழு டிகிரி. உள்ளே நாப்பது. குதிச்சா அம்மாவாவது பிழைச்சுக்குவாங்க."

"நீ வாயை மூடு. ஒரு பக்கத்து ஜன்னல் திறந்துதானே இருக்கு?"

"ரெண்டு விரல் அளவுக்குத் திறந்திருக்கு."

"அது போதும். ரெண்டு பக்கமும் திறந்தா குறுக்குக் காத்து. குறுக்குக் காத்துல உட்கார்ந்துதான் என் பெரியப்பாவுக்கு வாய் கோணிக்கிச்சு."

விடிவதற்கு முன்பே எங்கள் ஊரான ஸெனிட்சாவிலிருந்து கிளம்பியிருந்தோம். எல்லையில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றாயிற்று. பொரித்த கோழியும் வாட்டிய குடைமிளகாயும் அந்த வரிசையிலேயே தீர்ந்தன. இப்போது இடது பக்கம் கடல், வலது பக்கம் மலை, நடுவில் நாங்கள். வண்டியின் ஏசி போன வருஷமே உயிரை விட்டிருந்தது.

இன்னும் எட்டு கிலோமீட்டரில் இக்ரானே. என் கணவர் எக்ரெமின் அக்கா சும்ரெத்தா அங்கேதான் வாழ்க்கைப்பட்டாள். கடலோரத்துக்காரர் ஜோஷ்கோவைக் கட்டிக்கொண்டு போய் நாற்பத்தைந்து வருஷம் ஆகிறது. எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு ஆகஸ்டும் அவர்கள் வீட்டு மாடி அறையில்தான் இருந்தோம். எக்ரெமும் ஜோஷ்கோவும் சாயங்காலம் சீட்டாட உட்கார்ந்தால் சாப்பிடக் கூப்பிடுவதற்கு இரண்டு பெண்களும் தொண்டை கிழியக் கத்த வேண்டும்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால், நாங்கள் ஊர் திரும்பும் நாளில், சும்ரெத்தா ஒரு வார்த்தை சொன்னாள்.

"எக்ரெம், அடுத்த வருஷம் வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டுடு. ஆகஸ்ட்ல மாடியை டூரிஸ்டுக்கு விடலாம்னு இருக்கோம். நீங்க வர்ற தேதி தெரிஞ்சா அதை விட்டுட்டு மத்த நாளைக்குக் கொடுப்பேன்."

அவ்வளவுதான் சொன்னாள். வண்டி மலை ஏறியதும் இவர் ஆரம்பித்தார்.

"போன் போட்டுட்டு வரணுமாம்! அவ என்ன, என் அக்காவா, ஓட்டல்காரியா?"

அன்றோடு சரி. பதினொரு கோடையாக அவள் வீட்டுக்கு மேலே போகிற சாலையில் கழுத்தைக்கூடத் திருப்பாமல் ஓட்டிக்கொண்டு போய், இன்னும் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி துச்செப்பியில் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டில் அறை எடுக்கிறோம். அந்த மனிதருக்கு மட்டும் மார்ச் மாதமே போன் போட்டுவிடுவார். இதைச் சுட்டிக் காட்டினால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

போன பிப்ரவரியில் ஜோஷ்கோ இறந்துபோனார். செய்தி வந்ததும் எக்ரெம் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறி எஞ்சினைக் கிளப்பினார். நான் செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது எஞ்சின் அணைந்திருந்தது.

"மலைப்பாதையில பனி. போக முடியாது."

பனி எங்கேயும் இல்லை. பதினொரு வருஷம் ஏறாத படியில் பிணத்தைப் பார்க்க எப்படி ஏறுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து மனிதருக்குச் சரியான தூக்கம் கிடையாது. கேட்டால் நெஞ்செரிச்சல் என்பார். இந்தத் தடவையும் போய் அவள் முன்னால் உட்காராமல் விட்டால் இனிமேல் எப்போதுமே இல்லை என்று எனக்குத் தோன்றியது. அதனால்தான் காலையிலிருந்து சண்டை.

இக்ரானே பலகை தெரிந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். வண்டி மெதுவாயிற்று. இன்னும் மெதுவாயிற்று. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.

"எஞ்சின் கொதிக்குது. தண்ணி ஊத்தணும்," என்றார், சாலையைப் பார்த்துக்கொண்டே.

எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவில்தான் நின்றிருந்தது. அல்தினா எதையோ சொல்ல வாயெடுத்தாள். நான் கையைப் பின்னால் விட்டு அவள் முழங்காலைக் கிள்ளினேன்.

சும்ரெத்தா திராட்சைப் பந்தலுக்கடியில் நின்றிருந்தாள், தலை முதல் கால் வரை கறுப்பில். அக்காவும் தம்பியும் வங்கியில் பார்த்துக்கொண்டவர்கள் மாதிரி கை குலுக்கினார்கள்.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன். நீ?"

"ஓடுது."

"இளைச்சுட்டே."

"நீதான் பெருத்துட்டே."

நான் கொண்டுவந்த காபிப் பொட்டலத்தையும் சர்க்கரைக் கட்டிப் பெட்டியையும் அவள் கையில் கொடுத்தேன். "இதெல்லாம் எதுக்கு ஹாய்ரியா," என்றாள். "வெறுங்கையோட வர முடியுமா அண்ணி," என்றேன். அல்தினா குளியலறை தேடி உள்ளே போய்விட்டாள்.

முதல் காபி வந்தது. செம்புக் கெண்டியில் நுரை அடங்காமல், காதில்லாத சின்னக் கிண்ணங்களில். எங்கள் ஊர்க் காபி. எக்ரெம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கடலைப் பார்த்துப் போட்டிருந்த பிரம்பு நாற்காலி ஜோஷ்கோவுடையது. அதை யாரும் தொடவில்லை.

தக்காளியைப் பற்றிப் பேசினோம். எல்லையில் நின்ற வரிசையைப் பற்றிப் பேசினோம். வெயிலைப் பற்றி இரண்டு தடவை பேசினோம். பிறகு எல்லாரும் கிண்ணத்தின் அடியிலிருந்த மண்டியைப் பார்த்தோம்.

எக்ரெம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அக்கா... பிப்ரவரியில..."

சும்ரெத்தா எழுந்தாள். உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் இன்னொரு தட்டு. அதில் புதுக் காபி.

ஸெனிட்சாவில் விருந்தாளியைப் போ என்று வாயால் சொல்லும் வழக்கமில்லை. பேச்சு ஓய்ந்த நேரம் பார்த்து, கேட்காமலே, இன்னொரு காபி வந்து முன்னால் உட்காரும். குடித்துவிட்டு எழுந்துவிட வேண்டியதுதான். எங்கள் வயசுக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். எக்ரெமின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். என் முகமும் சுருங்கித்தான் இருந்திருக்கும்.

அவர் குடிக்கக்கூட இல்லை.

"கிளம்பறோம்."

"இப்பவா?"

"துச்செப்பியில காத்திருப்பாங்க."

"காத்திருக்கறவங்க வீட்டுக்குத்தான் போகணும். போ."

வண்டியில் ஏறினோம். சாவியைப் போட்டார், திருப்பவில்லை.

"பார்த்தியா? நான் வாயெடுத்தேன். வாயெடுத்த நேரத்துக்கு தட்டைக் கொண்டாந்து வச்சா பார்த்தியா?"

அப்போது அல்தினா ஈர முகத்தோடு ஓடி வந்தாள்.

"ஏன் வண்டியில உட்கார்ந்திருக்கீங்க? பெட்டியை இறக்கலையா?"

"எந்தப் பெட்டி? ஏறு உள்ளே."

"மாடியில நமக்கு மூணு கட்டில் விரிச்சிருக்கே அப்பா. ஆளுக்கொரு துண்டு மடிச்சு வச்சிருக்கு. டூரிஸ்ட் யாரும் வரலையான்னு பக்கத்து வீட்டம்மாகிட்ட கேட்டேன். இந்த ஆகஸ்ட் முழுக்க அத்தை யாருக்கும் விடலையாம். வந்தவங்களையெல்லாம் திருப்பி அனுப்பிட்டாங்களாம்."

எக்ரெம் மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"நாம வர்றது அவளுக்கு எப்படித் தெரியும்?"

"நான் போன் போட்டேன். மே மாசம்."

"நீ—"

"ஆமா. ஒரு போன். ஒரு நிமிஷம்கூட ஆகலை."

"எங்கிட்ட சொல்லாம!"

"உங்ககிட்ட சொன்னா போட விட்டிருப்பீங்களா? துச்செப்பிக்காரருக்கும் போட்டேன். இந்த வருஷம் வரலைன்னு சொல்லிட்டேன்."

"அப்ப இன்னிக்கு நாம எங்க படுக்கறது?"

"அதைத்தானே காலையிலேருந்து கத்திக்கிட்டு இருக்கேன்."

ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். ஹாரன் ஒரு தடவை அலறி அடங்கியது.

"ஆனா காபி, ஹாய்ரியா. நீயும்தானே பார்த்தே. இன்னொரு காபி கொண்டாந்து வச்சாளே."

"காபி வச்சா என்ன?" என்றாள் அல்தினா.

"போன்னு அர்த்தம்."

"அத்தை இங்கே நாப்பத்தஞ்சு வருஷமா இருக்காங்கப்பா. இங்கேயெல்லாம் காபின்னா காபி."

அவர் சாவியை உருவினார். பிறகு இறங்கினார். நாங்கள் பத்தடி விட்டுப் பின்னால் போனோம்.

சும்ரெத்தா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். தட்டு தொடாமல் இருந்தது.

"இந்தக் காபியை எதுக்குக் கொண்டாந்தே?" என்றார் எக்ரெம், நின்றுகொண்டே.

"காபியை எதுக்குக் கொண்டாருவாங்க? குளிக்கறதுக்கா?"

"சொல்லு."

"அந்த மனுஷன் ஒரு கிண்ணத்தோட எழுந்ததே கிடையாது. முதல் கிண்ணம் காலியானா அடுத்தது முன்னாடி இருக்கணும். கை தன்னால போகுது. ஆறு மாசமா ரெண்டாவதைச் செடிக்கு ஊத்தறேன். இன்னிக்குத்தான் குடிக்க ஆள் வந்திருக்கேன்னு..." நிறுத்தினாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவளும் ஸெனிட்சாவில் பிறந்தவள்தானே. கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அடப் பாவி! அதுன்னு நெனச்சியா? உன்னைப் போகச் சொல்லணும்னா நான் காபி போட்டுக்கிட்டு இருப்பேனா? வாயால சொல்லமாட்டேனா? உங்கிட்ட எனக்கென்ன பயம்?"

"ஒரு தடவை சொன்னியே."

"போன் போடுன்னு சொன்னேன்டா, கழுதை! வராதேன்னா சொன்னேன்? ஜோஷ்கோ ஒவ்வொரு ஆகஸ்டும் மேலே ரோட்டுல உன் வண்டியைப் பார்ப்பார். 'போறான் உன் தம்பி, ஜன்னலையெல்லாம் சாத்திக்கிட்டு'ன்னு சொல்லிச் சிரிப்பார்."

எக்ரெம் உட்கார்ந்தார். இந்தத் தடவை நாற்காலி முழுவதும் உட்கார்ந்தார். ஆறிப்போன காபியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

"பிப்ரவரியில மலைப்பாதையில பனி அக்கா."

"ஹாய்ரியா சொன்னா."

"சொன்னாளா?"

"பனி இல்லைன்னு சொன்னா."

அவர் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். அல்தினா பெட்டியை இறக்குகிற சாக்கில் நழுவிவிட்டாள். உள்ளே அடுப்பில் மீன் கொதிக்கிற வாசனை பந்தல் வரைக்கும் வந்தது. சும்ரெத்தா கிண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள், பிரித்தாள், மறுபடி அடுக்கினாள். எக்ரெம் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"மச்சானைப் பார்க்க இங்கேருந்து நடந்தே போயிடலாமாக்கா?"